சுவர் வெடித்தால், குழி சரிந்தால்: டர்பன் மண்ணில் அடித்தளக் கோளாறுகளைக் கண்டுபிடித்துச் சரிசெய்வது

டர்பனிலும் சுற்றுவட்டாரத்திலும் இருபது வருடத்துக்கு மேலாகக் கடைக்கால் வேலையும், குழிக்கு முட்டுக் கொடுக்கும் வேலையும் பார்த்து வருகிறேன். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெரிபேங்க், வெருளம், டோங்காட் என்று நம் ஜனங்கள் இருக்கும் பகுதிகளிலிருந்து வரும் போன் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தொடங்கும். "சுவர் வெடித்திருக்கிறது, அடியில் கான்கிரீட் போட்டுக் கெட்டிப்படுத்த எவ்வளவு ஆகும்?" அந்தக் கேள்வி கடைசியில் வரவேண்டியது. அந்த மூலைக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதுதான் முதல் கேள்வி. அதைக் கேட்காமல் கான்கிரீட் கொட்டிய வீடுகளில் அடுத்த மழைக்காலத்துக்குள் அதே வெடிப்பு, பூசிய இடத்துக்கு ஒரு சாண் தள்ளித் திரும்ப வந்து நிற்பதை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன்.

இந்த ஊர் மண்ணைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன், அது தெரியாவிட்டால் கீழே வரும் எதுவும் புரியாது. கடலோர மேடுகளில் இருப்பது பெரியா சிவப்பு மணல். பழங்காலத்து மணல்மேடுகள் நாளாக நாளாக மக்கி, இரும்புச் சத்து துருவாகிப் பூசியதால் வந்த சிவப்பு அது. காய்ந்திருக்கும்போது செங்குத்தாக வெட்டினாலும் சுவர் போல நிற்கும். நனைந்தால் துகள்களுக்கு நடுவே பசை போல இருக்கும் களிமண் பிடி விட்டுப்போய், மேலே இருக்கும் சுமை கொஞ்சம்கூட ஏறாமலே மண் பொலபொலவென்று இறங்கும். இந்த மாதிரி மண் இறங்குவதை 1957-லேயே ஜென்னிங்ஸ், நைட் என்ற இரண்டு தென்னாப்பிரிக்கப் பொறியாளர்கள் எழுதி வைத்துவிட்டார்கள். துறைமுகத்தைச் சுற்றியும் ஆற்று முகத்துவாரங்களிலும் இருக்கும் தாழ்நிலத்தில் கதையே வேறு, அங்கே தோண்டினால் சீக்கிரமே தண்ணீர், அதற்குக் கீழே வெண்ணெய் போன்ற சேற்றுக் களி. சாட்ஸ்வொர்த் மாதிரி மலைச்சரிவில் போட்ட குடியிருப்புகளில் மூன்றாவது சிக்கல்: மேட்டை வெட்டிப் பள்ளத்தில் தள்ளி மட்டம் செய்த மனைகள், அதனால் ஒரே வீட்டில் பாதி கெட்டி மண்ணிலும் பாதி கொட்டிய மண்ணிலும் உட்கார்ந்திருக்கும்.

சரி, எதையும் தொடுவதற்கு முன்னால் ஒரு பென்சில் எடுங்கள். வெடிப்பின் இரண்டு முனையிலும் குறுக்கே ஒரு கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். வெடிப்புக்கு இரண்டு பக்கமும் ஒவ்வோர் ஆணி அடித்து, நடுவில் இருக்கும் தூரத்தை மில்லிமீட்டரில் அளந்து சுவரிலேயே எழுதி வையுங்கள். பிறகு வாரம் ஒரு தடவை அளவு. 1 மில்லிக்குக் கீழே இருந்து மாறாமல் நின்றால் அது பெயின்டர் வேலை. 5 மில்லியைத் தாண்டினால் கதவு ஜன்னல் பிடிக்க ஆரம்பிக்கும், 15 தாண்டினால் சுவரின் ஒரு பகுதியை இடித்துக் கட்ட வேண்டிவரும், 25-ஐத் தாண்டினால் அந்த அறையில் யாரும் படுக்கக் கூடாது. ஆனால் அகலத்தைவிட முக்கியம், ஓடிக்கொண்டிருக்கிறதா நின்றுவிட்டதா என்பது. நின்றுபோன 8 மில்லி வெடிப்பைவிட வாரத்துக்கு அரை மில்லி நகரும் 2 மில்லி வெடிப்புக்குத்தான் நான் பயப்படுவேன்.

வீட்டு மூலையில் படிக்கட்டு மாதிரி ஏறும் வெடிப்பு, மேலே போகப் போக அகலம்

மூலை இறங்குகிறது என்று அர்த்தம். உறுதிப்படுத்த, வெளியே செங்கல் தெரியும் இடத்தில் ஒரே வரியைத் தேர்ந்தெடுத்து, தண்ணீர் நிரப்பிய, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூபால் மூலைக்கு மூலை மட்டம் பாருங்கள். கட்டும்போது கொத்தனார் நூல் பிடித்துத்தான் வைத்திருப்பார், அதனால் அந்த வரி இன்று எங்கே தாழ்ந்திருக்கிறதோ அங்கேதான் இறக்கம். உள்தரையை வைத்துப் பார்க்காதீர்கள், தரை தனிக்கதை.

மூலை தெரிந்தபின் அண்ணாந்து பாருங்கள். மழைநீர்க் குழாய் அங்கே இறங்குகிறதா, இறங்கி வடிகாலில் சேர்கிறதா, இல்லை சுவரடியிலேயே கொட்டுகிறதா? 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு நான் பார்க்கும் புதுக் காரணம் ஒன்று உண்டு. டோங்காட்டில் சுத்திகரிப்பு நிலையம் அடிபட்டு மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வராமல் போனதில், ஆளுக்கொரு பிளாஸ்டிக் தொட்டி வாங்கி வீட்டு மூலையிலேயே வைத்துவிட்டார்கள். 5,000 லிட்டர் தொட்டி நிரம்பினால் 5 டன். அதைச் சுவரிலிருந்து ஒரு அடி தூரத்தில் மண்மேல் உட்கார வைத்து, நிரம்பி வழிவதையும் அங்கேயே விட்டால், சுமையும் ஈரமும் ஒரே மூலைக்குப் போகிறது. தொட்டியை இரண்டு மூன்று மீட்டர் தள்ளி ஒரு கான்கிரீட் பலகையில் வைத்து, வழியும் குழாயைத் தெரு வடிகாலுக்குக் கொண்டுபோனதுமே வெடிப்பு நின்றுபோன வீடுகள் உண்டு.

அடுத்தது மண்ணுக்குள் இருக்கும் குழாய். இரவு எல்லோரும் படுத்தபின் எல்லாக் குழாய்களையும் மூடி, கழிவறைத் தொட்டிக்குப் போகும் வால்வையும் அடைத்துவிட்டு மீட்டரைப் படித்து எழுதிக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் கழித்து எண் மாறியிருந்தால் எங்கோ கசிகிறது. கழிவுநீர்க் குழாய் மீட்டரில் காட்டாது, அதற்கு இரண்டு மேன்ஹோலுக்கு நடுவே ஒரு முனையை அடைத்துத் தண்ணீர் நிரப்பி இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். பழைய வீடுகளில் மண் குழாய் இணைப்புகள் வேர் புகுந்து பிரிந்திருக்கும்.

மண் நனைந்தால் இறங்கும் வகைதானா என்பதற்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது, மண்வெட்டி போதும். சுவரிலிருந்து தள்ளி, அரை மீட்டர் சதுரத்தில் ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஒரு குழி எடுங்கள். எடுத்த மண் ஒரு பிடிகூடச் சிதறாமல் தார்ப்பாயில் சேர்த்து வையுங்கள். பிறகு அதே மண்ணை அதே குழியில் காலால் மிதித்து மிதித்துத் திரும்பப் போடுங்கள். சாதாரண மண் என்றால் கொஞ்சம் மிஞ்சும். இறங்கும் மண் என்றால் எல்லாவற்றையும் போட்டபின்னும் குழி நிரம்பாது, ஏனென்றால் அது முதலிலேயே உள்ளே காற்றிடைவெளியோடு பொறைபொறையாகத்தான் நின்றுகொண்டிருந்தது. அதன் கட்டியை உடைத்துப் பார்த்தால் ஊசி குத்திய மாதிரி சின்னச் சின்னத் துளைகள் கண்ணுக்கே தெரியும்.

தண்ணீரை நிறுத்தி, சுவரைச் சுற்றி ஒரு மீட்டர் அகலத்துக்கு வெளிச்சரிவோடு கான்கிரீட் போட்டு, எட்டு வாரம் அளவு பாருங்கள். நின்றுவிட்டால் வெடிப்புக்குக் குறுக்கே கம்பி பதித்துத் தைத்துப் பூசினால் போதும். நிற்காவிட்டால்தான் அடித்தளத்துக்கு அடியில் இறங்க வேண்டும், அதைக் கீழே சொல்கிறேன்.

குளிர்காலத்தில் விரிந்து மழைக்காலத்தில் மூடிக்கொள்ளும் வெடிப்பு

இது டர்பன் மேட்டு மணலில் அவ்வளவாக வராது, உள்நாட்டுப் பக்கம், கருங்களி இருக்கும் இடங்களில் வரும். களி மழையில் உப்பி, வறண்ட குளிர்காலத்தில் சுருங்குகிறது, வீடு அதன்மேல் மூச்சு விடுகிறது. இதற்கு ஒரு வருடம் முழுக்க அளவு எடுக்காமல் கை வைக்கவே கூடாது. ஒரு மூலையை மட்டும் ஆழத்துக்குக் கொண்டுபோய்க் கெட்டியாக்கினால் அந்த மூலை நிற்கும், மற்ற மூன்றும் ஏறி இறங்கும், முன்பு இல்லாத இடத்தில் புதிதாகக் கிழியும். சுவரோரத்தில் பெரிய மரம் இருந்தால் அவசரப்பட்டு வெட்டாதீர்கள். அது இத்தனை வருடம் குடித்த ஈரம் மண்ணுக்குத் திரும்பி வந்து, இறங்கிய மூலை இப்போது மேலே தூக்கும்.

சுவரில் ஒன்றும் இல்லை, ஆனால் தரை மட்டும் இறங்கி ஸ்கர்ட்டிங்குக்கு அடியில் விரல் நுழைகிறது

கடைக்கால் நன்றாக இருக்கிறது. தரைப்பலகைக்குக் கீழே கொட்டிய மண்ணைச் சரியாக இடித்துக் கெட்டிப்படுத்தவில்லை, அவ்வளவுதான். தரையை உடைத்து, மண்ணை 150 மில்லி அடுக்குகளாக இடித்துக் கெட்டிப்படுத்தி, தரையை மறுபடி போடுங்கள். இதற்குப் போய் சுவரடியில் தோண்டச் சொல்கிறவரை நம்ப வேண்டாம்.

பின்னால் சேர்த்துக் கட்டிய அறை பழைய வீட்டிலிருந்து பிரிந்து போகிறது

நம் பகுதிகளில் அதிகமாகக் காணும் கோளாறு இது. நகராட்சி கட்டிக்கொடுத்த கவுன்சில் வீட்டின் பின்னால், பையனுக்குக் கல்யாணம் ஆனதும் ஒரு அறை, பிறகு அதன்மேல் இன்னொன்று. பின்பக்கம்தான் சரிவு, சரிவில்தான் கொட்டிய மண். பழைய வீடு உட்கார்ந்து முடித்து முப்பது நாற்பது வருடம் ஆகிவிட்டது, புது அறை இப்போதுதான் உட்கார ஆரம்பிக்கிறது. இரண்டையும் செங்கலால் கோத்துக் கட்டியிருந்தால் பிரியத்தான் செய்யும்.

வெடிப்பு மேலும் கீழும் ஒரே அகலமாக, இணைப்பிலேயே நேராக ஓடினால், புது அறை மொத்தமாக இறங்குகிறது. அதை வெட்டி ஒழுங்கான இடைவெளி இணைப்பாக மாற்றி, உள்ளே நெகிழும் மாஸ்டிக் அடைத்து விட்டுவிடலாம். மேலே அகலமாக விரிந்தால் அறை சரிவுப் பக்கம் சாய்கிறது, அதற்கு அடியில் பிடிமானம் கொடுத்தே ஆகவேண்டும். கூரை வரியிலிருந்து தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இனி அடியில் கட்டும் வேலை. ஆழம் எவ்வளவு என்பதை முதலில் ஒரு சோதனைக் குழி சொல்ல வேண்டும். கெட்டி மண் இரண்டரை மீட்டருக்குள் கிடைத்தால் குழி குழியாகத் தோண்டிக் கான்கிரீட் போடும் பழைய முறையே சிறந்தது, மலிவும்கூட. அதற்குக் கீழே என்றால், அல்லது பெரியா மணல் தளர்வாகவே பல மீட்டர் போகிறது என்றால், மெல்லிய பைல்களை, அதாவது ஆழத்துக்கு ஊன்றும் தூண்களை, சுவரின் இரண்டு பக்கமும் இறக்கி, சுவரைத் துளைத்துச் செல்லும் உத்தரத்தால் தாங்க வேண்டும். சிமென்ட் பாலை மண்ணில் பீச்சி அடித்தால் போதும் என்று சொல்கிறவர்கள் உண்டு. சிவப்பு மணலில் களித்துகள் கலந்திருப்பதால் அது துகள் நடுவே ஊறாது, எங்கே இளக்கமோ அங்கே கிழித்துக்கொண்டு ஓடும். பக்கத்து வீட்டுக் கழிவுநீர்க் குழாய்க்குள் போய் இறுகியதைப் பார்த்திருக்கிறேன்.

குழி முறையில் உயிர் போவதும் பிழைப்பதும் வரிசையில் இருக்கிறது. மாடி இல்லாத ஒரு செங்கல் வீட்டுச் சுவர் ஓடுகூரையோடு சேர்த்து மீட்டருக்குச் சுமார் 2 டன் இருக்கும். ஒரு மீட்டர் நீளத்துக்கு அடியில் மண்ணை எடுத்தால், செங்கல் வளைவு போலத் தன்னைத்தானே இரண்டு பக்கத்துக்கும் தாங்கிக்கொள்ளும். இரண்டு மீட்டர் எடுத்தால் தாங்காது. அதனால் 10 மீட்டர் சுவரைப் பத்துப் பங்காகச் சுண்ணாம்பால் குறித்து எண் போடுங்கள். முதலில் 1-ம் 6-ம் மட்டும். அவை முடிந்தபின் 3-ம் 8-ம். பிறகு 5-ம் 10-ம். பிறகு 2-ம் 7-ம், கடைசியாக 4-ம் 9-ம். எந்த நேரத்திலும் சுவரில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அடியில் வெறுமையாக இருக்கக் கூடாது, அடுத்தடுத்த இரண்டு குழி ஒரே சமயத்தில் திறந்திருக்கவும் கூடாது. மூலையில் இரண்டு சுவரின் சுமையும் சேர்வதால் அங்கே குழியை இன்னும் குறுக்கி எடுங்கள். குழிக்குள் ஆள் இறங்குவதால் அதன் பக்கங்களுக்கும் பலகை முட்டு வேண்டும், "சின்னக் குழிதானே" என்று விடக் கூடாது.

தோண்டியதும் பழைய கடைக்காலின் அடிப்பக்கத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து மண் போகச் சுத்தம் செய்யுங்கள். குழியின் தரையில் உதிர்ந்து கிடப்பதைக் கையால் வழித்து எடுங்கள். கான்கிரீட்டை அன்றைக்கே போடுங்கள், குழி ஓர் இரவுகூடத் திறந்து கிடக்க வேண்டாம். பழைய கடைக்காலுக்குக் கீழே 50 முதல் 75 மில்லி இடைவெளி விட்டு நிறுத்துங்கள். ஒரு நாள் கழித்து அந்த இடைவெளியில் வறண்ட கலவையைத் திணிக்க வேண்டும்: ஒரு பங்கு சிமென்ட், மூன்று பங்கு கரடு மணல், தண்ணீர் மிகக் கொஞ்சம். கையில் பிடித்து அழுத்தினால் கொழுக்கட்டை போல நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் வழியக் கூடாது, விட்டால் உதிரவும் கூடாது. மரக்கட்டையை வைத்துச் சுத்தியலால் பின்பக்கத்திலிருந்து அடித்து அடித்து முன்னால் வர வேண்டும். சத்தம் மாறும். முதலில் பொத் பொத்தென்று இருக்கும், நிரம்பியதும் கல்லில் அடித்த மாதிரி டங்கென்று கேட்கும். அந்தச் சத்தம் வரும்வரை விடாதீர்கள். அதன்பின் இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் பக்கத்துப் பங்கைத் தொட வேண்டும்.

அடியில் கட்டி முடித்தபிறகும் வெடிப்பு திரும்ப வருகிறது

ஒரு குழியைத் திறந்து பாருங்கள், பதில் அங்கேயே இருக்கும். கலவைக்கும் பழைய கடைக்காலுக்கும் நடுவே கத்தி நுழைந்தால் திணித்தது சரியில்லை, அல்லது ஈரக் கலவையை ஊற்றி அது காயும்போது சுருங்கிவிட்டது. அங்கே கெட்டியாக இருந்து அடியில் சேறு என்றால் கான்கிரீட் போடும்போதே குழியில் தண்ணீர் நின்றிருக்கிறது. இரண்டும் நன்றாக இருந்தால், கட்டிய இடம் முடிந்து கட்டாத இடம் தொடங்கும் புள்ளியில்தான் வெடித்திருக்கும். அங்கே ஆழத்தைத் திடீரென்று நிறுத்தாமல் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும்.

தோண்டிக்கொண்டிருக்கும்போது, குழியின் விளிம்புக்குப் பின்னால் தரையில் விளிம்புக்கு இணையாக ஒரு கோடு

இந்தப் பகுதியை மட்டுமாவது உங்கள் சைட்டில் இருக்கும் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள்.

இரண்டு மூன்று மாடிக் குடியிருப்புக்காகச் சரிவில் நாலு மீட்டர் ஆழத்துக்கு வெட்டிக்கொண்டிருந்த ஒரு வேலைக்கு ஒருமுறை என்னைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். வெயில் நாள், சிவப்பு மணல் கத்தியால் அறுத்த கேக் மாதிரி நேராக நின்றது, எல்லோரும் திருப்தியாக இருந்தார்கள். மேல்பக்கத்து வீட்டு ஆயா வேலி ஓரமாக வந்து, "தம்பி, காலையிலிருந்து பூசை ரூம் கதவு மூடமாட்டேன் என்கிறது" என்றார்கள். குழிக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கிறது என்று அவர்கள் நினைக்கவில்லை, மரம் ஈரத்தில் உப்பிவிட்டதா என்று கேட்கத்தான் வந்தார்கள். அந்த வாரம் மழையே இல்லை. நான் அவர்கள் வாசல் பக்கம் போய்ப் பார்த்தேன். சிமென்ட் தளத்தில், குழியின் விளிம்பிலிருந்து இரண்டு மீட்டர் உள்ளே, தீக்குச்சி அளவுக்கு ஒரு கோடு துளசிமாடத்தடியில் தொடங்கிக் குழிக்கு இணையாகவே ஓடியது. இரண்டு பக்கமும் ஆணி அடித்து அளந்தேன், 83 மில்லி. இரண்டு மணி நேரத்தில் 86. மூன்று மணிக்கு 91.

அது நகர்கிற மண். கோட்டிலிருந்து குழியின் அடிவரை ஒரு பாளம் ஏற்கனவே பிரிந்துவிட்டது. குழியில் இருந்தவர்களை வெளியே வரச் சொன்னேன், ஆயாவையும் பேரப்பிள்ளைகளையும் முன்பக்க அறைக்குப் போகச் சொன்னோம், மேலே நின்றிருந்த லாரியை எடுக்க வைத்தோம். குழியின் எதிர்ப்பக்கத்தில் இருந்த டி.எல்.பி. என்ற மண் தோண்டி அள்ளும் எந்திரத்தைக் கொண்டு, வெட்டிய முகத்தின் அடியில் மண்ணைத் திரும்பத் தள்ளினோம், ஏறக்குறைய பாதி உயரம் வரை. தோண்டியதையே மூடுவதா என்று அங்கே இருந்தவர்களுக்கு மனமே வரவில்லை, இரண்டு நாள் கூலி அதில் போனது. அன்று இரவு 91, 92-இல் நின்றது. மறுநாள் மழை வந்தது, மேலே தார்ப்பாய், அடியில் மண், நின்றுவிட்டது. பிறகு, வெட்டிய முகத்தில் துளையிட்டு மண்ணுக்குள் பதிக்கும் ஆணிக்கம்பிகளை மேலிருந்து போட்டுக்கொண்டே இறங்கினோம்.

செய்ய வேண்டியது இதுதான்: ஆளை வெளியேற்று, மேல் சுமையை எடு, அடியில் மண்ணைப் போடு, கோட்டைத் தார்ப்பாயால் மூடி மழை உள்ளே போகாமல் பார். செய்யக் கூடாதது, கோட்டில் சிமென்ட் ஊற்றி மூடுவது (அப்புறம் நகர்கிறதா என்பதே தெரியாது), குழிக்குள் இறங்கி மரக்கட்டை முட்டுக் கொடுக்கப் பார்ப்பது. ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல். இடுப்பளவு புதைந்தாலே ஆளை இழுத்து எடுக்க முடியாது, நெஞ்சளவு புதைந்தால் மூச்சு விட மார்பு விரியாது. 2024 மே மாதம் பல்லிட்டோவில் ஒரு கட்டுமானத் தளத்தில் மண்கரை சரிந்து தொழிலாளர்கள் புதைந்து இறந்தார்கள். காலையில் டப்பாவில் சோறு கட்டிக்கொண்டு வேலைக்கு வந்தவர்கள்.

சட்டத்திலும் இது தெளிவாக இருக்கிறது. 2014-ஆம் ஆண்டுக் கட்டுமான ஒழுங்குமுறை விதிகளின்படி குழியை ஒவ்வொரு நாளும் வேலை தொடங்குமுன் பார்க்க வேண்டும், மழைக்குப் பிறகும் எதிர்பாராமல் மண் விழுந்தாலும் மறுபடி பார்க்க வேண்டும், உள்ளே வேலை செய்யும் ஆளிலிருந்து 6 மீட்டருக்குள் ஏறி வர ஏணியோ படியோ இருக்க வேண்டும். தோண்டும் ஆழம் 3 மீட்டரைத் தாண்டும் என்றால் முன்கூட்டியே நகராட்சியின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். பக்கத்து மனை மண்ணுக்கு உங்கள் மண்ணின் தாங்கல் உரிமையாகவே இருக்கிறது. அதை எடுத்துவிட்டு, "நான் என் எல்லைக்குள்தானே தோண்டினேன்" என்று சொல்ல முடியாது.

ஆணிக்கம்பி அடித்து ஷாட்கிரீட் (பீய்ச்சி அடிக்கும் கான்கிரீட்) பூசிய முகம் உப்புகிறது, அல்லது தட்டினால் வெற்றுச் சத்தம்

முதலில் தண்ணீர்த் துளைகளைப் பாருங்கள். நேற்று நல்ல மழை, ஆனால் ஒரு துளையிலும் சொட்டு இல்லை என்றால் சந்தோஷப்படாதீர்கள், தண்ணீர் பின்னால் தேங்கி நிற்கிறது. துளையைக் கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள், வேகமாகப் பீய்ச்சினால் அதுதான் உப்பலின் காரணம். பின்னால் வடிகால் பட்டை வைக்காமலே பூசியிருந்தால் புதிதாகத் துளையிட்டு, வடிதுணி சுற்றிய குழாய் செருக வேண்டும்.

வெற்றுச் சத்தம் என்றால் மண்ணுக்கும் பூச்சுக்கும் நடுவே மண் உதிர்ந்துவிட்டது. காரணம் பெரும்பாலும் வேகம்: ஒரே மூச்சில் மூன்று மீட்டர் வெட்டிவிட்டு இரண்டு நாள் கழித்துப் பூசியிருப்பார்கள். ஒரு தடவைக்கு ஒரு மீட்டர், அதிகம் போனால் ஒன்றரை. அன்றைக்கே துளையிட்டு, 10 முதல் 15 டிகிரி கீழ்ச்சாய்வில் கம்பி வைத்து, சிமென்ட் பாலை அடியிலிருந்து நிரப்பி, வலைக்கம்பி கட்டிப் பூசிவிட வேண்டும். பிறகுதான் அடுத்த அடுக்கு. கம்பியின் நீளம் பொதுவாகக் குழி ஆழத்தின் முக்கால் பங்காவது வேண்டும், அதனால் அது பக்கத்து மனைக்குள் போகும். போகிறது என்றால் அவர்கள் சம்மதத்தை எழுதி வாங்குங்கள், அவர்களுடைய குழாய் எங்கே ஓடுகிறது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தாழ்நிலத்தில் குழியின் அடியில் மணல் கொப்பளிக்கிறது, தண்ணீரோடு மணலும் வருகிறது

தெளிந்த தண்ணீர் வந்தால் பம்ப் வேலை. கலங்கலாக, மணலோடு வந்தால் பக்கத்து வீட்டுக்கு அடியில் இருக்கும் மண்தான் உங்கள் குழிக்குள் வந்துகொண்டிருக்கிறது. பம்ப்பை இன்னும் பெரிதாக்கினால் இன்னும் வேகமாக வரும். பம்ப்பை நிறுத்தி, கொப்பளிக்கும் இடத்தில் கரடு மணலும் அதன்மேல் சின்ன ஜல்லியும் மூட்டையாகப் போட்டு, தண்ணீர் மட்டும் வடியும்படி செய்யுங்கள். மொத்தமாக அடைத்தால் வேறு இடத்தில் கிளம்பும். நிலைத்த பிறகு குழியைச் சுற்றி வெல்பாயின்ட் என்ற மெல்லிய உறிஞ்சு குழாய்கள் இறக்கி நிலத்தடி நீரை வெளியிலேயே தாழ்த்த வேண்டும். இந்த உறிஞ்சு முறை ஒரு கட்டத்துக்கு ஐந்து மீட்டர் அளவுக்குத்தான் இறக்கும். சேற்றுக் களி மேல் பழைய வீடுகள் இருந்தால் நீர்மட்டம் தாழத் தாழ அந்தக் களி ஒடுங்கி அவையும் இறங்கும். அப்படிப்பட்ட இடத்தில் ஷீட் பைல் என்ற கோத்துக்கொள்ளும் இரும்புத் தகடுகளை மண்ணில் அடித்துத் தண்ணீரைத் தடுத்து நிறுத்துவதுதான் வழி, அதைப் பொறியாளர் கணக்குப் போட்டுத்தான் செய்ய வேண்டும்.

லோடியம், லெனேசியா பக்கத்து வீடு. தரையில் திடீர்ப் பள்ளம்

இங்கே மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள். பிரிட்டோரியா, ஜோஹன்னஸ்பர்க் அருகே இருக்கும் அந்தப் பக்கங்களில் டாலமைட் பாறை உண்டு, அது தண்ணீரில் கரைந்து கீழே பொந்தாக இருக்கலாம். வீட்டை விட்டு வெளியே வாருங்கள், தண்ணீர் மெயினை மூடுங்கள், பள்ளத்தில் மண்ணோ தண்ணீரோ கொட்டாதீர்கள், நகராட்சிக்குச் சொல்லுங்கள். டாலமைட் தெரிந்த பொறியாளர் வந்து துளையிட்டுப் பார்க்கும்வரை யாரும் அதன் ஓரம் போக வேண்டாம்.

பொறியாளரைக் கூப்பிடும்போது

பதிவு பெற்றவரா என்று கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை. வீடு புதிதாக, என்.எச்.பி.ஆர்.சி. என்ற வீடு கட்டுவோர் பதிவுக் கவுன்சிலில் பதிவான ஒன்றாக இருந்து, குடியேறி ஐந்து வருடம் ஆகவில்லை என்றால், கட்டமைப்புக் கோளாறுக்கு உத்தரவாதம் இருக்கிறது. முதலில் கட்டியவருக்கு எழுதிக் கொடுங்கள், அதற்குமுன் எதையும் நீங்களாக இடித்துச் சரிசெய்ய வேண்டாம். மனையின் வகையைக் காகிதத்தில் தேடிப் பாருங்கள். சி2 என்றிருந்தால் நனைந்து 10 மில்லிக்கு மேல் இறங்கக்கூடிய மண், எச்3 என்றால் 30 மில்லிக்கு மேல் உப்பிச் சுருங்கும் களி, பி என்றால் கொட்டிய மண், டாலமைட் போன்ற சிக்கலான மனை. அது ஒன்றைச் சொன்னாலே பொறியாளர் பாதிக் கேள்விகளைக் கேட்கமாட்டார்.

புதிதாகத் தோண்டப் போகிறவர்கள், பக்கத்து வீட்டின் ஒவ்வொரு சுவரையும் அவர்களையும் கூட வைத்துக்கொண்டு போட்டோ எடுங்கள், இருக்கும் வெடிப்புகளுக்குத் தேதி போட்டு இருவரும் கையெழுத்துப் போடுங்கள். பிறகு வரும் சண்டையில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

வெடிப்பு அளவுகளை எழுதிய தாள், மீட்டர் எண்கள், வீட்டு பிளான் காப்பி, மழைநீர்க் குழாய்கள் எங்கே இறங்குகின்றன என்று கையால் வரைந்த ஒரு படம், இவற்றைத் தயாராக வையுங்கள். சோதனைக் குழி எடுத்திருந்தால் தார்ப்பாய் போட்டு, சுற்றி வேலி கட்டி, அவர் வந்து இறங்கிப் பார்க்கும்வரை மூடாமல் வையுங்கள். பென்சில் கோடுகளின்மேல் தீபாவளிக்கு வெள்ளையடிக்க வேண்டாம்.